வாசம் இல்லாத பிளம்ஸ் சட்னி

மே 14, ஞாயிறு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நான்கு புட்டிகளையும் திறந்து முகர்ந்தேன். ரோஜா அத்தர், எலுமிச்சை எண்ணெய், கிராம்பு எண்ணெய், நீலகிரித் தைலம். ஒவ்வொன்றும் இருபது விநாடி. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை செய்யச் சொல்லியிருக்கிறார் கோவை டாக்டர். முதல் மூன்றிலும் ஒன்றுமில்லை. தைலத்தில் மட்டும் மூக்குக்குள் ஒரு குளிர்ச்சி ஏறியது.

"தைலம் தெரியுதுங்க" என்றேன். என் கணவர் ஞானதுரை ஷேவ் செய்துகொண்டிருந்தார். கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்து, "ம். நல்லது" என்றார்.

குளிர்ச்சி வேறு, வாசம் வேறு. எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஏதோ ஒன்று தெரிந்ததல்லவா.

மார்ச் 28 அன்று ஈரப்படியில் வழுக்கிப் பின்மண்டை அடிபட விழுந்தேன். மூன்று தையல். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் கொடுத்த காப்பி வெந்நீரில் கசப்பைக் கரைத்தது போல இருந்தது. காப்பித்தூள் மட்டம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சோப்பை முகர்ந்தபோதுதான் வாசமே போய்விட்டது என்று புரிந்தது.

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். நான் டீ டேஸ்டர். குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக ருசி பார்க்கிறேன். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை வரை. தலையில் அடி என்று விடுப்பு எடுத்திருக்கிறேன். மூக்கைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டில் அவரிடமும், கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, தேறி வருகிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஜூன் 12 திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும்.

மதியம் பக்கத்து வீட்டு லில்லி அக்கா ஒரு கூடை பிளம்ஸுடன் வந்தார். நேற்று ஆலங்கட்டி மழையில் உதிர்ந்தவை. தோல் வெடித்து, பாதி பழுத்தும் பழுக்காமலும்.

"விக்கவும் ஆகாது, திங்கவும் ஆகாது. சட்னி போடு எப்சி. நல்லா உறைப்பா, இனிப்பா."

"எனக்குத் தெரியாதேக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்? உங்க வீட்டுல வெக்கறது ஆஸ்பத்திரிக் கொழம்பாச்சே."

அவர் சொல்வது சரிதான். டேஸ்டர் நாக்கைக் காப்பாற்ற வேண்டும். மிளகாய் கூடாது, பச்சைப் பூண்டு கூடாது, ஊறுகாய் கூடாது. நான் வேலையில் சேர்ந்த நாள் முதல் இந்த வீட்டில் உறைப்பு கிடையாது. என் கணவரும் என்னோடு சேர்ந்து அதையே சாப்பிட்டார். ஒரு நாளும் கேட்டதில்லை.

மே 15, திங்கள்

மழை. பிளம்ஸ் கூடையிலேயே இருக்கிறது.

மே 16, செவ்வாய்

லில்லி அக்கா வந்து பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செய்தேன். பழத்தைக் கழுவி, கொட்டையைச் சுற்றிக் கீறி எடுத்தேன். தோலை உரிக்க வேண்டாம் என்றார். அடிகனமான பாத்திரத்தில் பழம், வெல்லம், உப்பு, துருவிய இஞ்சி, கிள்ளிய வரமிளகாய், ஒரு கைப்பிடி உலர்திராட்சை, இரண்டு துண்டு பட்டை, நாலு கிராம்பு. பழம் தண்ணீர் விட்ட பிறகு வினிகர். முதலில் மழை ஓட்டில் விழுவது போலச் சத்தம். நேரம் ஆக ஆகச் சத்தம் தடித்தது. கடைசியில் ஒவ்வொரு கொப்புளமும் தனியாக, சோம்பலாக, 'ப்ளக்' என்று உடைந்தது. நிறம் சிவப்பிலிருந்து கறுஞ்சிவப்புக்குப் போய், கரண்டியை இழுத்தால் பின்னால் பாதை விழுந்தது.

"எடுத்துப் பாரு" என்றார் அக்கா.

கரண்டியில் எடுத்து ஊதினேன். பிறகு பத்தொன்பது வருடப் பழக்கம். உதட்டைக் குவித்துச் சர்ரென்று உறிஞ்சிவிட்டேன். தேநீரை அப்படித்தான் உறிஞ்ச வேண்டும். துளிகள் வாய் முழுக்கச் சிதறி மூக்கின் பின்பக்கம் வரை ஏற வேண்டும். மிளகாய் ஏறியது. கண், தொண்டை, மூக்கு எல்லாம் எரிய, இருமி இருமிச் சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலுவலகத்தில் போலத் துப்புவதற்குப் பக்கத்தில் தொட்டியைத் தேடியதையும் அக்கா பார்த்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவரும் இருமினார்.

"டீ குடிக்கற மாதிரி சட்னியக் குடிக்கறவள இப்பத்தாண்டி பாக்கறேன்."

இருமல் அடங்கிய பிறகு இன்னொரு கரண்டி எடுத்து மெதுவாக நக்கினேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் இனிப்பு வந்தது. அது போவதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் புளிப்பு. உப்பு எங்கிருந்தோ வந்து இரண்டையும் பிடித்து நிறுத்தியது. பிறகு தோலின் லேசான கசப்பு. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது உறைப்பு, தொண்டையில் தொடங்கிக் காது வரை. மார்ச்சிலிருந்து நான் சாப்பிட்ட எதற்கும் தொடக்கம், முடிவு என்று எதுவும் இருந்ததில்லை. சோறு ஈரம், ரொட்டி உலர்ந்தது, அவ்வளவுதான். இது ஒன்றுக்கு ஆரம்பம் இருந்தது, நடு இருந்தது, முடிவு இருந்தது.

வாசம் மட்டும் இல்லை. ஆனால் வாசம் இல்லாமலேயே இவ்வளவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. நாக்கைப் பூட்டி வைத்திருந்தேன், அதுவும் அதைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு.

கரண்டி கரண்டியாகக் கால் பாட்டில் தின்றுவிட்டேன். அக்கா போன பிறகு.

மே 19, வெள்ளி

என் கணவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. காலை பதினோரு மணிக்குக் கடையை விட்டு வீட்டுக்கு வருகிறார். கீழ் பஜாரில் மோட்டார் வைண்டிங் கடை அவருடையது. எரிந்துபோன மோட்டார்களின் காயிலைப் பிரித்து மறுபடி சுற்றிக் கொடுக்கும் வேலை. அங்கிருந்து ஏற்றத்தில் இருபது நிமிடம் நடக்க வேண்டும். டீ குடிக்க வந்தேன் என்கிறார். சமையலறையில் இரண்டு நிமிடம் நிற்கிறார், போய்விடுகிறார். பாதி நாள் டீயைக் குடிப்பதும் இல்லை.

இன்று ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து காஸ் சிலிண்டர் பக்கத்தில் தரையை ஒட்டி மாட்டினார். காஸ் கசிந்தால் கத்துமாம்.

"எதுக்குங்க இது?"

"கடையில சும்மா கெடந்துச்சு."

அட்டைப்பெட்டியின் சீல் இப்போதுதான் கிழித்ததாக இருந்தது. ஆண்களுக்கு இந்த மாதிரிச் சாமான்களில் ஒரு ஆசை.

மே 22, திங்கள்

கோவை. டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். மூக்கின் கூரையில் சல்லடை போல ஒரு எலும்பு. அதன் ஓட்டைகள் வழியாகத் தலைமுடியைவிட மெல்லிய நரம்பு இழைகள் இறங்குகின்றன. மண்டை அதிர்ந்தபோது அவை அறுந்திருக்கின்றன. சில பேருக்கு மறுபடி வளரும். வளர்ந்து, அத்தனை ஓட்டைகளில் தன் ஓட்டையைத் தேடிப் போய்ச் சேருமாம். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல லட்சம் கோப்பைகளுக்குத் தீர்ப்புச் சொன்னது இந்த இழைகள்தானா.

"ஜூன் பன்னண்டுக்குள்ள வருமா டாக்டர்?"

"தேதி போட்டு வராதும்மா. ஒரு வருஷம் பாப்போம்."

வெளியே காத்திருந்த கணவர், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். "நல்லா இருக்குன்னு சொன்னாருங்க" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. வருவதற்கு வாய்ப்பு உண்டு என்றார்.

மலையேறும்போது அவர் பேருந்தின் ஜன்னலைத் திறந்து வைத்தார்.

மே 25, வியாழன்

இன்று ஒன்பது கிண்ணம் சட்னி. லில்லி அக்கா இன்னொரு கூடை கொடுத்தார். அலுவலகத்தில் செய்வது போல, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துப் பார்த்தேன். வெல்லத்தில் மூன்று அளவு, மிளகாயில் மூன்று அளவு. வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைத்தேன். வாய் கொப்பளிக்க வெந்நீர். ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசத்தை என் நாக்கு துல்லியமாகச் சொல்கிறது. ஒரு சிட்டிகை உப்பு கூடினால் இனிப்பு எங்கே எழுந்து நிற்கிறது என்பது வரை தெரிகிறது. வெல்லம் கூடினால் உறைப்பு தாமதமாக வருகிறது, குறைவதில்லை, தாமதிக்கிறது. இது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

சாயங்காலம் கணவரையும் உட்காரவைத்தேன். அவர் சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு கிண்ணத்தையும் தூக்கி முகர்ந்தார்.

"மூணாவதுல கிராம்பு தூக்கல்" என்றார்.

"எல்லாத்துலயும் ஒரே அளவுதாங்க."

"மூணாவதுல ஒண்ணு ஒடைஞ்சு கெடக்குது பாரு."

கிளறினேன். ஒரு கிராம்பு நசுங்கிக் கிடந்தது.

"அஞ்சாவது கொஞ்சம் பச்சை வாடை. இஞ்சி வேகல. ஏழாவது... ஏழாவது நல்லாருக்கு. புதுக் காயிலுக்கு வார்னிஷ் போட்டு அடுப்புல காய வெப்போமே, கதவத் தொறந்தவொடனே ஒரு வாசம் வரும். அது மாதிரி. ஆனா திங்கலாம்."

சிரித்தேன். பிறகு கேட்டேன், "உங்களுக்கு இவ்வளவு வாசம் தெரியுமா?"

"தெரியாமயா? மோட்டார் வந்தா மொதல்ல மோந்துதான பாக்கறோம். தண்ணி பூந்து எரிஞ்சதுக்கு ஒரு வாடை, லோடு தாங்காம எரிஞ்சதுக்கு ஒரு வாடை. மீட்டரெல்லாம் அப்பறந்தான்."

திருமணமாகி இருபத்திரண்டு வருடம். இந்த வீட்டில் மூக்கு என்றால் என்னுடையது என்று நினைத்திருந்தேன். எண்ணெய்க் கறை படிந்த கட்டைவிரலால் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்து, கண்ணை மூடி முகர்கிற இந்த மனிதரை இன்றுதான் பார்த்தது போல இருந்தது.

மே 30, செவ்வாய்

மைதிலி வந்தாள். அலுவலகத்தில் எனக்கு அடுத்தவள். ஆறு வருடமாக என்னிடம் வேலை கற்கிறாள். டேஸ்டிங் ரூமில் மூத்தவர் முதல் கரண்டி எடுத்து வரிசையில் முன்னே போக வேண்டும். இளையவர் ஒரு கோப்பை பின்னால் வர வேண்டும். மூத்தவர் சொல்லும் வரை வாய் திறக்கக் கூடாது. அவள் அதை மீறியதே இல்லை.

ஆறு மாதிரித் தூள் கொண்டுவந்திருந்தாள். "பன்னண்டாம் தேதி ஏலப் பட்டியல் போகுதுங்க மேடம். மத்ததெல்லாம் நானே எழுதிட்டேன். இந்த ஆறு மட்டும் நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியா இருக்கும்."

மறுக்கத் தோன்றவில்லை. வெந்நீர் கொதிக்க வைத்து, எடை போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்தேன். தூளின் கறுப்பு, ஊறிய இலையின் செம்பு நிறம், சாற்றின் தெளிவு, ஈறில் பிடிக்கும் துவர்ப்பு. இவற்றை வைத்தே ஐந்துக்குச் சொல்லிவிட்டேன். அவள் எழுதி வைத்திருந்ததோடு ஒத்துப்போனது. ஆறாவதற்கும், "நல்லா இருக்கு. சுத்தமான தூள்" என்றேன்.

அவள் பேனாவை வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தாள்.

"என்ன?"

"இல்லைங்க மேடம்... அதுல லேசா புகை வாடை இருக்கற மாதிரி எனக்கு ஒரு இது."

"உன் கற்பனை. மழை நாள்ல எல்லாம் அப்படித்தான் தோணும்."

"சரிங்க மேடம்." எழுதிக்கொண்டாள்.

அவள் போன பிறகு அவர் வந்து கோப்பைகளை எடுத்தார். கடைசிக் கோப்பையின் மூடியில் கொட்டி வைத்திருந்த ஊறிய இலையை முகர்ந்தார். பிறகு எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தார்.

மைதிலிக்கு இன்னும் தன் மேல் நம்பிக்கை வரவில்லை. வர வேண்டும்.

ஜூன் 1, வியாழன்

பெரிய பாத்திரத்தில் சட்னி, ஐந்து பாட்டில் வந்தது. தோல் தடித்த பழங்கள் போலிருக்கிறது. கசப்பு கொஞ்சம் கூடுதல். அவர் இரவு தோசைக்கு இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

ஜூன் 3, சனி

இரண்டு நாளாகக் காலையும் இரவும் அவர் அந்தச் சட்னியையே சாப்பிட்டார். நல்லாருக்கு என்றார். இன்று லில்லி அக்காவுக்கு ஒரு பாட்டில் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே விரலால் தொட்டு வாயில் வைத்தவர் முகம் சுளித்தார்.

"எப்சி, இது அடி புடிச்ச சட்னிடி. மூடியத் தொறக்கும்போதே கமறுது. இதையா பாட்டில்ல போட்டு வெச்சிருக்கே?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் செருப்பை மாட்டுவதற்காகக் குனிந்தவர் நிமிரவில்லை. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, வெயில் இருக்கறப்ப துணிய எடுக்கணும்" என்று போய்விட்டார். வானம் மூடியிருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"வியாழக்கிழம கேட் கிட்ட வரும்போதே வந்துச்சு வாடை. நான் வந்து அடுப்ப அணைச்சேன். நீ ஜன்னல்கிட்ட நின்னு பாட்டில் தொடைச்சிட்டிருந்த."

"சட்னி இல்லைங்க. என் மூக்கு."

செருப்பு வாரை இழுத்து மாட்டினார். "ஏப்ரல்ல ஒருநாள் பால் பொங்கி அடுப்பு மேல கருகுச்சு. நீ அது பக்கத்துலயே நின்னு பேப்பர் படிச்சிட்டிருந்த. அப்பவே தெரியும், சுத்தமா போயிருச்சுன்னு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

பதினோரு மணி. வெள்ளைப் பெட்டி. குடிக்காமல் போன டீ. தினமும் இருபது நிமிடம் ஏற்றத்தில் நடந்து வந்து, என் சமையலறையில் நின்று, மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப நடந்திருக்கிறார். கருகியதைச் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. ரொம்பப் பெரிய ஒன்றின் பக்கத்தில் அண்ணாந்து நிற்பது போல இருந்தது.

அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். வாசல் கேட் வரை போய் அவரை நிறுத்தினேன்.

"அந்த ஆறாவது கோப்பை?"

"டீயப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்" என்றார். பிறகு, "புகை இருந்துச்சு எப்சி."

ஜூன் 5, திங்கள்

மைதிலி சொன்னதுதான் சரி. நான் அவளைக் கற்பனை என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஜூன் 8, வியாழன்

மேனேஜர் போனில் பேசினார். திங்கட்கிழமை எனக்காக முதல் வரிசை தயாராக இருக்குமாம். "நீங்க இல்லாம ரூமே நல்லா இல்ல மேடம்" என்றார். நன்றி சொன்னேன்.

யோசித்தால், என்னால் சமாளிக்க முடியும். ஆறில் ஐந்து சரியாகச் சொன்னேன். கண்ணாலும் துவர்ப்பாலும் இன்னும் பத்து வருடம் கூட ஓட்டலாம். மைதிலி எதிர்த்துப் பேச மாட்டாள். பேசக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஜூன் 10, சனி

கடைசிக் கூடை. இன்று அவர் கடை திறக்கவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம். நான் கிளறினேன், அவர் என் தோள் பக்கத்தில் நின்று ஆவியை முகர்ந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

"இஞ்சி வெந்திருச்சு. இப்ப வினிகர் மேல வருது. இரு, இரு, போகட்டும். போயிருச்சு. இப்ப வெல்லம்."

"உப்பு இன்னும் அரைச் சிட்டிகை வேணும்" என்றேன்.

"அது உன் வேலை. போடு."

சத்தம் தடிக்கத் தொடங்கியது. நான் குனிந்து கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வந்தது.

குளிர்ச்சியல்ல, எரிச்சலல்ல. வேறு ஒன்று. மூக்கைப் பொத்தினேன், இல்லை. விட்டேன், இருந்தது. மறுபடி பொத்தி, விட்டேன். இருந்தது. பத்தொன்பது வருடம் வாசங்களுக்குப் பெயர் வைத்துப் பிழைத்தவள் நான். இதற்கு என்னிடம் பெயர் இல்லை. பட்டையா, பழமா, வெல்லமா, தெரியவில்லை. இனிமையா, நாற்றமா என்பது கூடத் தெரியவில்லை. இருட்டறையில் யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும் தெரிவது போல. ஒரு மூச்சு நேரம். அடுத்த மூச்சில் போய்விட்டது. கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன், அசைந்தால் அது இருந்ததே பொய்யாகிவிடும் என்பது போல.

அறுந்த இழை ஒன்று வளர்ந்து, அத்தனை ஓட்டைகளில் ஒன்றைக் கண்டுபிடித்து, இந்தச் சமையலறை வரை வந்து எட்டிப் பார்த்திருக்கிறது.

"இப்ப என்ன வாசங்க வருது?" என்று கேட்டேன்.

"எல்லாந்தான் வருது. ஏன்?"

"சும்மா."

மறுபடி வரவில்லை. நாள் முழுக்க நின்று பார்த்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

ஆராதனைக்குப் போய் வந்தோம். லில்லி அக்காவுக்குப் புது பாட்டில் கொடுத்தேன். இந்தமுறை தொட்டு நக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்க் கிண்ணத்தோடு வந்து இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நேற்று வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்று இரவெல்லாம் மனம் கணக்குப் போட்டது. வரத் தொடங்கிவிட்டது, இன்னும் சில மாதம்தான், அதுவரை கண்ணை வைத்து ஓட்டிவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. காலையில் ஜெபம் நடக்கும்போது கூட அதே நினைப்பு. ஒரு மூச்சு நேரம் எனக்குக் கிடைத்தது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அதைக் காட்டி ஊரார் தூளுக்குத் தீர்ப்புச் சொல்வதற்காக அது வந்ததாகத் தோன்றவில்லை.

நாளை எட்டரை மணிக்குக் கோப்பைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். மைதிலி கரண்டியை என்னிடம் நீட்டுவாள். நான் வாங்கப் போவதில்லை. ஆறாவது மாதிரியை மறுபடி ஊறவைக்கச் சொல்வேன். மேனேஜர், தண்ணீர் ஊற்றும் ஆள், எல்லோரும் இருக்கும்போதே அவளை முதலில் ருசிபார்க்கச் சொல்லி, அவள் சொல்லும் வரை ஒரு கோப்பை பின்னால் நிற்பேன். அவள் புகை என்று சொன்னதும், அன்றைக்கு நான் ஏன் இல்லை என்றேன் என்பதைச் சொல்வேன். அதற்குப் பிறகு அங்கே எனக்கு இடம் இருக்குமா என்பது தெரியாது.

அவர் உள்ளே என் நாளைய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். கொசுவத்துக்கு வரும் பக்கத்தைத் தனியாக மடித்து, அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார். வேலைக்குப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடமும் இன்னும் சொல்லவில்லை.